வழிபாட்டு முறையும் மக்கள் வினாவும்



பெயரோ குறிஞ்சி, நிலமோ நெய்தல். புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்திலே, ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் களப்பும் அணைத்துக் கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பத்தில் குறிஞ்சிப்பிட்டி என்றோர் ஊர் உண்டு. பிட்டி என்றால் மேட்டு நிலம். அங்குள்ள மலை அவ்வளவே. மணலும் தென்னையும் வலையும் வள்ளமுமே அக்கரையின் செல்வங்கள். இசுலாமியரும் இந்துக்களும் கத்தோலிக்கரும் அயலயலாக வாழும் அத்தீபகற்பத்திலேதான், நாடெங்குமிருந்து யாத்திரிகர் வந்து கூடுகின்ற தலவில் புனித அன்னம்மாள் திருத்தலமும் இருக்கின்றது.

ஞாயிறு வழிபாடு முடிந்தபின் கோவில் முற்றத்திலே சற்று நின்று பேசுவது எல்லாக் கத்தோலிக்க ஊர்களுக்கும் பொதுவான வழக்கம். கடலைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் பேசியபின் பேச்சு பல வேளைகளில் வழிபாட்டு முறைக்குத் திரும்பும். நன்மை வாங்கும்போது முழந்தாளிட வேண்டுமா, நின்றபடி வாங்கலாமா? நாவில் வாங்குவதா, கையில் வாங்குவதா? குருவானவர் வராத ஞாயிறன்று ஊரார் கூடிச் செபமாலை சொன்னால் கடன் தீருமா? நோயிற் கிடக்கும் தாய் தொலைக்காட்சியிலே கண்ட பூசை பூசையாகுமா? கோவிலில் குத்துவிளக்கு ஏற்றலாமா? இவ்வாறு கேட்பார்கள்.

இவற்றைச் சிறு வினாக்கள் என்று எண்ணிச் சிரிப்போர் உளர். உள்ளம் தூயதாயின் முறை எப்படியிருந்தால் என்ன என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்திற் சிறிது உண்மை உண்டு. ஆயினும், இக்கரையின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர் அவ்வளவு எளிதாகச் சிரித்துவிட மாட்டார்கள். முறை எது என்ற வினாவுக்கு விடை தெரியாமையால் ஒரு குழந்தை ஞானஸ்நானம் இன்றி இறக்க நேரலாம். ஒரு பெண்ணின் திருமணம் திருமணமன்று என்று ஆகிவிடலாம். ஒருவன் தந்தையின் நிலத்தை இழக்கலாம். அப்படிப்பட்ட காலம் இக்கரையில் ஒன்றிரண்டு ஆண்டுகள் அன்று, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலவியது. அக்காலத்தில் மக்கள் கேட்ட வினாக்களையும், அவற்றுக்குக் கிடைத்த விடைகளையும் இன்று எடுத்து நோக்குவோம்.

முதலில் ஒரு சொல்லின் கதையைச் சொல்ல வேண்டும். 1542 ஆம் ஆண்டில் புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. போர்த்துக்கேய மொழி அறிந்த தமிழர் சிலரைத் துணைக்கொண்டு செபங்களைத் தமிழிலே அமைத்து, அவற்றை ஊர் ஊராகக் கற்பித்தார். விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் புகுந்துவிட்டது. சின்னஞ்சிறு பிழைதான். ஆனால் 'கடவுள்மீது நம்பிக்கை வைக்கிறேன்' என்று அறிக்கையிட வேண்டிய மக்கள் 'எனக்கு வேண்டும்' என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். 1544 ஆம் ஆண்டிலே தம் துணைவர் பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்கு எழுதிய மடலில், அச்சொல்லை மாற்றிச் சொல்லிக் கொடுக்கும்படி சவேரியார் குறித்தார். தமிழ் வழிபாட்டு மொழியில் நாம் அறிந்த முதல் திருத்தங்களுள் இது ஒன்று.

பின் வந்த என்றிக்கே என்றிக்கசு அடிகளார் தமிழை முறையாகக் கற்றார். அவரது 'தம்பிரான் வணக்கம்' 1578 ஆம் ஆண்டிலே கொல்லத்தில் அச்சேறியது. 1580 ஆம் ஆண்டிலே 'கொம்பெசியோனாயரு' வெளிவந்தது. அந்நூல் பாவசங்கீர்த்தனம் செய்வோருக்கு உதவும் கைந்நூல். தமிழில் அச்சேறிய மிகப் பழைய நூல்களுள் ஒன்று முறை கேட்கும் மக்களுக்காகவே எழுதப்பட்டது என்பதை நாம் நினைவில் இருத்தல் நன்று.

இனி நம் கரைக்குத் திரும்புவோம். 1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கையில் வீழ்ந்தது. மறு ஆண்டு கற்பிட்டியும் அவர்கள் வசமாயிற்று. அங்கே 1667 ஆம் ஆண்டில் கோட்டை கட்டத் தொடங்கி 1676 ஆம் ஆண்டில் முடித்தனர். முன்னர் இயேசு சபையார் கோவில் இருந்த இடத்திலேயே அக்கோட்டை எழுந்தது என்பர். போர்த்துக்கேயக் குருமார் நாட்டைவிட்டு அகற்றப்பட்டார்கள். கத்தோலிக்கக் குருவுக்குப் புகலிடம் தருவோருக்கு மரண தண்டனை என்று 1658 ஆம் ஆண்டிலேயே ஆணை பிறந்தது. அதன் கடுமை காலத்துக்குக் காலம் ஏறியும் இறங்கியும் வந்தாலும், ஏறத்தாழ 30 ஆண்டுகள் இலங்கைத் தீவிலே கத்தோலிக்கக் குரு ஒருவரேனும் இல்லாத நிலை இருந்தது.

குரு இல்லை; கோவில் இல்லை. எஞ்சியிருந்தவர் மக்களே. அவர்களுள் மூத்தோர் ஊரைக் கூட்டிச் செபம் சொல்லினர். மூப்பர், அண்ணாவியார், சங்கிலித்தார் என்ற பெயர்கள் இக்கரையின் கோவில்களிலே வழங்கிய பெயர்கள். அண்ணாவியார் என்ற சொல் கூத்துப் பழக்கும் ஆசானுக்கும் வழங்குவது. கூத்திலே சபையோரைப் பாடவைப்பவர் போலவே, கோவிலிலே மக்களைச் செபிக்க வைப்பவரும் அண்ணாவியார் எனப்பட்டார். குருவாகாத இம்மனிதரிடந்தான் மக்கள் தம் வினாக்களைக் கொண்டு சென்றனர்.

அவற்றுள் முதலாவது, உயிர்போகும் குழந்தையைப் பற்றியது. குரு இல்லாத ஊரிலே ஞானஸ்நானம் கொடுப்பவர் யார்? திருச்சபை இதற்கு முன்னரே விடை வகுத்திருந்தது. 1439 ஆம் ஆண்டிலே புளோரன்சுப் பொதுச்சங்கம், இன்றியமையாத வேளையில் குருவோ தியாக்கோனோ மட்டுமன்றி, பொதுநிலையினரும், பெண்களும், ஏன், கிறிஸ்தவர் அல்லாதோருங்கூட ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று கூறியது. தண்ணீர் வேண்டும், தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவரின் பெயரைச் சொல்லும் வாய்பாடு வேண்டும், திருச்சபை செய்வதைச் செய்யும் கருத்து வேண்டும். மெழுகுதிரியும் உப்பும் எண்ணெயும் வெள்ளை ஆடையும் பொருள்பொதிந்த சடங்குகளே. ஆயினும் அவை இல்லாமற் போனால் ஞானஸ்நானம் இல்லாமற் போவதில்லை. மருத்துவிச்சியின் கையிலுள்ள செம்பு நீரே போதும். இந்த ஒரு விடையைத் திருத்தமாக அறிந்திருந்த மூப்பரும் மருத்துவிச்சியும் எத்தனை தாய்மாரின் கண்ணீரைத் துடைத்திருப்பார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த வினா அதனினும் சிக்கலானது. ஒல்லாந்தர் ஆட்சியிலே பிறப்பும் திருமணமும் அவர்களுடைய சீர்திருத்தத் திருச்சபையின் பதிவேடுகளில் ஏற வேண்டும். பள்ளிக்கூடமே பதிவகமாகவும் இருந்தது. தோம்பிலே பெயர் ஏறாதவனுக்கு உரிமைகளை நாட்டுவது அரிது. பதிவில்லாத திருமணத்திற் பிறந்த பிள்ளைக்குச் சொத்துரிமை கேள்விக்குறி. ஆகவே கத்தோலிக்கரும் தம் குழந்தைகளை ஒல்லாந்தப் போதகரிடம் கொண்டு சென்றனர். பின்னர் இரகசியமாகக் குரு ஒருவர் வந்து சேர்ந்தால் மக்கள் அவரைக் கேட்டனர்: 'ஒல்லாந்தர் ஊற்றிய நீர் செல்லுமா? மறுபடியும் ஊற்ற வேண்டுமா?'

இவ்வினா 1,400 ஆண்டுப் பழமை உடையது. மூன்றாம் நூற்றாண்டிலே கார்த்தேசு நகர் மேற்றிராணியார் சிப்பிரியானுசு, பிரிந்து போனோர் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது என்றார். உரோமைப் பாப்பரசர் முதலாம் ஸ்தேவான், செல்லும் என்றார். பின் வந்த புனித அகுஸ்தீனார் பாப்பரசரின் பக்கமே நின்று விளக்கம் எழுதினார். 1547 ஆம் ஆண்டிலே திரெந்துப் பொதுச்சங்கம், முறையான வாய்பாட்டோடும் கருத்தோடும் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானம், கொடுத்தவர் பிரிந்த சபையினராயினும் மெய்யானதே என்று உறுதிப்படுத்தியது. ஆகவே மறுமுறை கொடுத்தல் தவறு. ஐயம் எழுந்தால் மட்டும், 'நீ ஞானஸ்நானம் பெறாதிருந்தால்' என்ற நிபந்தனையோடு கொடுக்கலாம். தம்மை ஒடுக்கிய ஆட்சியின் போதகர் கையால் வந்த திருவருட்சாதனத்தையும் மெய்யென்று ஏற்கும்படி இவ்விடை மக்களைக் கேட்டது. பகைமை மிகுந்த அக்காலத்திலே அது எளிய செயல் அன்று.

திருமணத்தின் நிலை இதற்கு மாறானது. 1563 ஆம் ஆண்டிலே திரெந்துச் சங்கம் வகுத்த சட்டம், பங்குக் குருவும் இரண்டு அல்லது மூன்று சாட்சிகளும் முன்னிற்க வேண்டும் என்றது. ஒல்லாந்து நாட்டின் கத்தோலிக்கருக்கும் இதே இடர் இருந்தது. 1741 ஆம் ஆண்டிலே பாப்பரசர் 14 ஆம் ஆசீர்வாதப்பர், அங்கே பிரிந்த சபையார் தமக்குள்ளும் கத்தோலிக்கரோடும் செய்துகொள்ளும் திருமணம் செல்லும் என்றார். ஆயின் மணமக்கள் இருவருமே கத்தோலிக்கராயின், அரசினர் முன்னோ வேற்றுச் சபைப் போதகர் முன்னோ நின்றதோடு அது முடிவதில்லை என்றார். குரு கிடைக்காத இடங்களில் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் தம் இசைவை வெளியிட்டாலே போதும் என்ற தெளிவான சட்டம் 1907 ஆம் ஆண்டிலேதான் வந்தது. ஒரு மாத காலம் குரு கிடைக்காவிடின் இவ்வாறு செய்யலாம் என்று அச்சட்டம் வரையறுத்தது. கடற்கரையின் ஏழை மணமக்களுக்கு அச்சட்டம் இரு நூற்றாண்டு முன்னரே தேவைப்பட்டது.

குருவே இல்லாத தீவுக்கு 1687 ஆம் ஆண்டில் ஒருவர் வந்தார். கோவாவிலே 1651 ஆம் ஆண்டு பிறந்தவர். ஒரத்தோரியன் சபையைச் சேர்ந்தவர். யோசேப்பு வாஸ் அடிகளார் என்பது பெயர். கூலியாள் வேடத்திலே கடல் கடந்து, நோயோடும் பசியோடும் யாழ்ப்பாணம் சேர்ந்தார். தம் மக்கள் யாரென அறியும் பொருட்டுக் கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார் என்று அவர் வரலாறு கூறுகின்றது. செபமாலையைக் கண்டு முகம் மலர்ந்த வீடே கத்தோலிக்க வீடு. குரு இல்லாத ஆண்டுகளிலே அம்மக்கள் எதைக் கையில் பற்றிக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்திலே ஒல்லாந்தரின் நெருக்குதல் மிகுந்தபோது வாஸ் அடிகளார் 1690 ஆம் ஆண்டளவில் புத்தளம் வந்தார். இங்கேதான் நம் கரையின் நில அமைப்பு வரலாற்றில் இடம் பெறுகின்றது. களப்பின் மேற்குக் கரையாகிய கற்பிட்டியிலே ஒல்லாந்தர் கோட்டை. கிழக்குக் கரையாகிய புத்தளத்திலே கண்டி மன்னரின் ஆட்சி. 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையிலே கரையோரம் முழுவதும் ஒல்லாந்தருக்குப் போகும் வரையில் இந்நிலை நீடித்தது. ஒரு களப்பு இரண்டு சட்டங்களைப் பிரித்தது. இக்கரையிலே குற்றமாக இருந்த பூசை, அக்கரையிலே பௌத்த மன்னரின் ஆட்சியின்கீழ் நடக்கலாயிற்று. 1692 ஆம் ஆண்டில் வாஸ் அடிகளார் கண்டிக்குச் சென்றபோது ஒற்றர் என்ற ஐயத்தாற் சிறை வைக்கப்பட்டாராயினும், பின்னர் இரண்டாம் விமலதர்மசூரியனின் நன்மதிப்பைப் பெற்றார். 1711 ஆம் ஆண்டு சனவரி 16 ஆம் நாள் கண்டியிலேயே காலமானார். 2015 ஆம் ஆண்டு சனவரி 14 ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

வாஸ் அடிகளாரும் அவர் துணைவரும் மிகச் சிலர். ஊர்களோ பல. ஓர் ஊருக்குக் குரு வருவது ஆண்டிலே ஒருமுறையாகவும் இருக்கலாம். எஞ்சிய ஞாயிறுகள் எவ்வாறு கழிந்தன? மூப்பரும் அண்ணாவியாரும் மக்களைக் கூட்டினர், செபமாலை சொல்லினர், ஞான உபதேசம் கற்பித்தனர். ஆயினும் அவர்கள் பூசை செய்ய முற்படவில்லை. பாவமன்னிப்பு வழங்க முற்படவில்லை. தாம் செய்யக்கூடியது எது, கூடாதது எது என்ற எல்லையை அவர்கள் அறிந்திருந்தனர். பாவசங்கீர்த்தனம் செய்யக் குரு இல்லாதவனுக்கு உத்தம மனஸ்தாபம் உண்டு என்று உபதேசம் கற்பித்தது. கடவுள்மீதுள்ள அன்பினாலேயே பாவத்துக்கு வருந்தி, குருவிடம் செல்லும் விருப்பத்தோடு இருப்பவன் கடவுளோடு ஒப்புரவாகின்றான் என்று திரெந்துச் சங்கம் 1551 ஆம் ஆண்டிலே கூறியிருந்தது. மரணப்படுக்கையிலே கிடந்த மீனவனுக்கு அந்த ஒரு பாடம் பெருந்துணையாயிற்று.

குரு இல்லாத ஞாயிறுகளுக்காகவே எழுதினார் என்று சொல்லத்தக்கவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். அவரும் கோவா நாட்டினர். 1705 ஆம் ஆண்டு இலங்கை வந்தவர். சிங்களமும் தமிழும் ஆழக் கற்று இருமொழியிலும் நூல்கள் இயற்றினார். 'தேவ அருள்வேத புராணம்', 'சுவிசேஷ விரித்துரை', 'வியாகுலப் பிரசங்கம்' ஆகியன அவர் தமிழ் நூல்களுட் சில. ஒல்லாந்தரிடம் அச்சகம் இருந்தது. 1737 ஆம் ஆண்டிலே கொழும்பில் முதற் சிங்கள நூலை அவர்கள் அச்சிட்டனர். கொன்சால்வெஸ் அடிகளாரிடம் இருந்தவை ஓலையும் எழுத்தாணியுமே. அவ்வோலைகள் கைமாறிக் கைமாறி ஊர்கள் தோறும் சென்றன. வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்திலே இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்தது. குரு இல்லாவிடினும் வாசிப்பதற்கு நூல் இருந்தது. வாசிக்க அண்ணாவியார் இருந்தார். கொன்சால்வெஸ் அடிகளார் 1742 ஆம் ஆண்டு போலவத்தையிலே உயிர் நீத்தார்.

இதுவரை சொன்னவை குரு இல்லாமையால் எழுந்த வினாக்கள். குரு இருந்த இடத்திலும் வேறொரு வினா எழுந்தது. அதனைக் காணக் கடலைக் கடந்து தமிழகம் செல்ல வேண்டும். அங்குள்ள மக்களும் இங்குள்ள மக்களும் பேசிய மொழி ஒன்று. மணவறையிலே கட்டிய தாலியும் ஒன்று. ஆகவே அங்கே கேட்கப்பட்டது இங்கும் பொருந்தும். நாட்டு வழக்கம் எவ்வளவு தூரம் கோவிலுக்குள் வரலாம் என்பதே அவ்வினா.

1606 ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார் துறவியரைப் போல் உடுத்து, தமிழும் வடமொழியும் கற்று, பூணூல், குடுமி, சந்தனம் முதலியவற்றை நாட்டாசாரம் என்று கொண்டு அனுமதித்தார். உடன் உழைத்தோரே அதனை எதிர்த்தனர். வழக்கு உரோமாபுரி சென்றது. 1623 ஆம் ஆண்டிலே பாப்பரசர் 15 ஆம் கிரகோரியார் சில நிபந்தனைகளோடு நொபிலியின் முறைக்கு இடமளித்தார். எனினும் புதுச்சேரிக்கு வந்த பாப்பரசரின் தூதர் தூர்னோன், 1704 ஆம் ஆண்டிலே 16 கூறுகள் கொண்ட கட்டளையால் பல வழக்கங்களைத் தடுத்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது என்றார். சிலுவையோ மாதாவின் உருவமோ பொறித்த தாலி அணியலாம் என்றார். மஞ்சள் பூசிய 108 இழைக் கயிற்றையும் விலக்கினார். ஞானஸ்நானத்திலே உமிழ்நீர் தொடும் சடங்கை அருவருப்பெனக் கருதி விட்டுவிடுவதும் கூடாது என்றார்.

அக்கட்டளையில் மற்றொரு கூறும் இருந்தது. தாழ்த்தப்பட்டோரின் வீட்டிலே நோயுற்றவர் கிடந்தால் குரு அங்கே செல்ல வேண்டும் என்பதே அது. சாதி ஒழுக்கத்திற்கு அஞ்சி அவ்வீடுகளுட் புகாத வழக்கம் சில குருமாரிடையே இருந்தமையால் இக்கட்டளை தேவையாயிற்று. 1744 ஆம் ஆண்டிலே 14 ஆம் ஆசீர்வாதப்பர் வழக்கை முடித்து வைத்தபோது, அம்மக்களுக்கெனத் தனிக் குருமாரை நியமிக்கும்படி செய்தார். குருவை வீட்டுக்கு வரச்செய்தாரேயன்றி, தனிக்குரு என்பதாலேயே பிரிவினையை நிலைக்கவும் விட்டார். கோவிலுக்குள் நான் எங்கே அமர்வது என்பதும் வழிபாட்டு முறை பற்றிய வினாவே. திருநெல்வேலிச் சீமையிலே வடக்கன்குளத்துக் கோவிலின் உள்ளே சாதியினரைப் பிரித்து நின்ற சுவர் 1910 ஆம் ஆண்டிலேதான் இடிக்கப்பட்டது. தாலியின் உருவத்தைப் பற்றி உரோமாபுரி வரை சென்று வாதாடியவர்கள், அச்சுவரைப் பற்றி அவ்வளவு விரைந்து பேசவில்லை. முறையைக் கேட்பவர் யார், யாருடைய வினா செவியேறுகின்றது என்பதும் வரலாற்றில் அடங்கும்.

நாட்டு வழக்கங்கள் பற்றிக் குருமார் எடுக்க வேண்டியிருந்த ஆணை 1940 ஆம் ஆண்டிலே நீக்கப்பட்டது. தூர்னோன் கட்டளைக்கும் அதற்கும் இடையே 236 ஆண்டுகள்.

இலங்கையிலும் காலம் மாறியது. 1796 ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் ஆட்சி முடிந்தது. 1806 ஆம் ஆண்டிலே ஆங்கில அரசு கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கியது. 1834 ஆம் ஆண்டிலே இலங்கை கொச்சி மேற்றிராசனத்தினின்று பிரிந்து தனி ஆட்சி பெற்றது. 1939 ஆம் ஆண்டிலே சிலாபம் தனி மேற்றிராசனமாயிற்று. வரலாற்றறிஞராகிய எட்மன்ட் பீரிஸ் 1940 முதல் 1972 வரை அதன் மேற்றிராணியாராக விளங்கினார். குரு வந்தார், கோவில் வந்தது, மணி ஒலித்தது. வினாக்கள் தீர்ந்தன என்று எண்ணத் தோன்றும். அவை தீரவில்லை.

1963 ஆம் ஆண்டு டிசம்பர் 4 ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய சாசனத்தை நிறைவேற்றியது. ஆதரவாக 2147 வாக்குகள்; எதிராக 4. நூற்றாண்டுகளாக இலத்தீனிலே நடந்த பூசை மக்கள் மொழிக்கு வந்தது. 1969 ஆம் ஆண்டின் இறுதியிலே புதிய பூசை நூல் நடைமுறைக்கு வந்தது. பீடத்தை நோக்கி நின்ற குரு மக்களை நோக்கித் திரும்பினார். அக்காலத்து முதியோர் கேட்ட வினாவை இன்றும் சிலர் நினைவுகூர்வர்: 'இதுவும் பூசைதானா?'

சொற்களும் மாறின. சர்வேசுரன் என்றிருந்தது இறைவன் என்றாயிற்று. இஸ்பிரீத்து சாந்து என்ற போர்த்துக்கேய வழிச்சொல் தூய ஆவி என்று தமிழாயிற்று. பூசை திருப்பலியாயிற்று, தேவநற்கருணை நற்கருணையாயிற்று. இவற்றுள் எல்லாவற்றினும் ஆழமான மாற்றம் ஒரு வினைச்சொல்லில் நிகழ்ந்தது. முன்னோர் பூசை 'காணச்' சென்றனர். நாம் திருப்பலியிலே 'பங்கேற்கச்' செல்கிறோம். இலத்தீன் பூசையிலே கோவிலின் பின்புறம் அமர்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்த பாட்டியை நோக்கி, நீயும் மறுமொழி சொல்ல வேண்டும் என்று புதிய முறை கூறியது. ஆனால் குரு இல்லாத நூற்றாண்டிலே அவளுடைய முன்னோர் மறுமொழி மட்டுமன்றி முழுச் செபத்தையும் தாமே சொல்லி வந்தவர்கள் அல்லரா? அவர்களுக்குப் பங்கேற்றல் புதிய பாடம் அன்று.

மக்கள் மொழி என்றதும் இக்கரையிலே வேறொரு சிக்கல் எழுந்தது. எந்த மக்கள் மொழி? நீர்கொழும்பு முதல் சிலாபத்திற்கு வடக்கே வரையுள்ள கடற்றொழிலாளர் ஊர்கள் பலவற்றிலே வீட்டில் தமிழும் பள்ளியிற் சிங்களமுமாக வாழ்வோர் உளர். இலத்தீன் இருந்தபோது அது யாருக்கும் தாய்மொழி அன்று. ஆகவே யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. தாய்மொழி பீடத்துக்கு வந்தபோது, எவருடைய தாய் என்ற வினாவும் கூடவே வந்தது. பாட்டி செபித்த மொழியிலே பேரப்பிள்ளை செபிக்க இயலாமற் போகும் இழப்பைச் சட்டநூல் எதுவும் தீர்த்து வைக்காது. அதனை ஊரும் பங்கும் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

குத்துவிளக்கைப் பற்றிய வினாவுக்கும் விடை வந்தது. 1969 ஆம் ஆண்டு ஏப்ரல் 25 ஆம் நாள், இந்திய ஆயர்கள் கேட்டவாறு 12 இந்திய வழிபாட்டு வழக்கங்களுக்கு உரோமாபுரி இசைவு தந்தது. தரையில் அமர்தல், கைகூப்பி வணங்குதல், எண்ணெய் விளக்கேற்றல், ஆரத்தி எடுத்தல் ஆகியன அவற்றுள் அடங்கும். தமிழரான அமலோர்பவதாசு அடிகளார் பெங்களூரிலிருந்து இப்பணியை முன்னின்று வளர்த்தார். நொபிலி எழுப்பிய வினாவுக்கு மூன்றரை நூற்றாண்டுக்குப் பின் இப்படியொரு விடை.

ஆயினும் விடை எப்போதும் ஒரே திசையில் ஓடுவதில்லை. 2009 ஆம் ஆண்டிலே கொழும்பு உயர்மறைமாவட்டத்திற் பேராயர் மல்கம் ரஞ்சித், நற்கருணையை முழந்தாளிட்டு நாவிலேயே வாங்க வேண்டும் என்று பணித்தார். வேறு மறைமாவட்டங்களிலும் நாடுகளிலும் நின்றபடி கையில் வாங்குவதும் ஒப்புக்கொள்ளப்பட்ட முறையே. முற்றத்திலே கேட்கும் 'நாவிலா, கையிலா' என்ற வினாவுக்கு, ஊர் எந்த மறைமாவட்டத்தைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்து விடை மாறுகின்றது. இவ்வேறுபாட்டைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. வத்திக்கான் சாசனத்தின் 21 ஆம் பிரிவு, வழிபாட்டிலே மாற்ற முடியாத பகுதியும் உண்டு, மாறத்தக்க பகுதியும் உண்டு என்று வெளிப்படையாகவே கூறுகின்றது. மருத்துவிச்சியின் செம்பு நீரிலே இக்கரை மக்கள் கற்றுக்கொண்டதும் அதுவேயாகும். நீரும் வாய்பாடும் மாறா; மெழுகுதிரியும் வெள்ளை ஆடையும் இருக்கலாம், இல்லாதிருக்கலாம்.

அண்மைக் காலத்திலே பழைய வினா ஒன்று மீண்டும் எழுந்தது. 2019 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் நாள், உயிர்ப்பு ஞாயிறன்று, கொழும்பு கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் கோவிலிலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் கோவிலிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. செபித்துக்கொண்டிருந்தோர் மாண்டனர். அடுத்த ஞாயிறன்று கோவில்களிலே பொதுத் திருப்பலி இல்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் தம் இல்லத்துச் சிற்றாலயத்திலே நிறைவேற்றிய திருப்பலி தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. மக்கள் வீட்டிலிருந்து கண்டு செபித்தனர். மறு ஆண்டிலே கொள்ளைநோய் வந்து உயிர்ப்புத் திருநாளையும் வீட்டுக்குள் அடைத்தது. 'வீட்டிலே கண்ட திருப்பலி போதுமா?' என்று மக்கள் கேட்டனர். வர இயலாதவனைக் கடன் கட்டாது என்பதே திருச்சபையின் விடை. திரையிற் காண்பது செபத்துக்கு உதவும். நற்கருணை விருந்துக்கு அது ஈடாகாது. வழி திறந்ததும் திரும்பி வர வேண்டும். 1687 ஆம் ஆண்டுக்கு முன் அண்ணாவியாரைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களுக்கும் இவ்விடை புதிதாயிராது. அவர்களும் இயன்றதைச் செய்தனர். இயலாததைச் செய்ததாக நடிக்கவில்லை. களப்பின் அக்கரையிலே குரு வந்திருக்கிறார் என்று கேட்டபோது தோணி ஏறத் தயங்காதிருந்தனர்.

ஆகவே கோவில் முற்றத்து வினாக்களைச் சிறியவை என்று தள்ளாதிருப்போம். முழந்தாளிடுவதா நிற்பதா என்று கேட்கும் இளைஞன், தன் முன்னோர் ஒல்லாந்தப் பதிவேட்டின் முன் நின்று கேட்ட அதே வினாவின் வேறொரு வடிவத்தையே கேட்கின்றான். அவனுக்குச் சட்டத்தை மட்டும் காட்டினால் அவன் அஞ்சுவான். எல்லாம் ஒன்றே என்று சொன்னால் அவன் கேட்பதையே விட்டுவிடுவான். எது மாறாதது, எது மாறத்தக்கது, ஏன் என்று பொறுமையோடு எடுத்துக் கூறுவதே குருமாரும் ஆசிரியரும் பெற்றோரும் அவனுக்குச் செய்ய வேண்டிய கடமை. குறிஞ்சிப்பிட்டிக் கரையிலே பிறக்கும் அடுத்த குழந்தைக்கும் ஒருநாள் தண்ணீர் ஊற்றப்படும். ஊற்றும் கை யாருடையதாயினும், சொல்லவேண்டிய சொற்களை அக்கையுடையவர் பிழையின்றி அறிந்திருப்பாராக.